ஓரெழுத்தில் நிற்கும் நம்பிக்கை: யோபு 13:15-இன் இரு பாடங்கள்

தேவன் தன்னைக் கொன்றாலும் அவரையே நம்பியிருப்பதாக யோபு சொல்வதாகத்தான் தமிழ் வேதாகமம் யோபு 13:15-ஐத் தருகிறது. 1952-இல் முழுமையாக வெளிவந்த ஆர்.எஸ்.வி. ஆங்கிலப் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. அங்கே யோபுக்கு நம்பிக்கையே கிடையாது.

சிக்கல் ஒரே எழுத்தில் இருக்கிறது. எபிரேய ஏடுகளின் வரியில் எழுதியிருப்பது லாமேத், ஆலெப், பொருள் 'இல்லை'. இது கெதீவ். எபிரேய பாடத்தைப் பேணிக் காத்த மசோரெத்தியர் ஓரத்தில் வாசிக்கச் சொல்வது லாமேத், வாவ், பொருள் 'அவருக்காக'. இது கெரே. இரண்டுமே 'லோ' என்றுதான் ஒலிக்கும். வாசிப்பதைக் கேட்டு எழுதுகிறவருக்கு வேறுபாடு காதில் விழாது.

'இல்லை' என்பதே மூலம், 'அவருக்காக' என்பது பக்தியால் புகுந்த திருத்தம் என்பது ஆர்.எஸ்.வி. பாடத்தை ஆதரிப்போரின் வாதம். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூத மரபுச் சட்டநூலான மிஷ்னாவின் சோட்டா 5:5 இதற்கு இடம் கொடுக்கவில்லை. யோபு தேவனைச் சேவித்தது அன்பினால்தான் என்று யோசுவா பென் இர்க்கானு என்ற ரபி இந்த வசனத்தைக் காட்டி வாதிடுகிறார். உடனே மிஷ்னாவே குறுக்கிட்டு, இது 'அவருக்காகக் காத்திருக்கிறேன்' என்பதா, 'காத்திருக்கவில்லை' என்பதா என்று கேட்கிறது. விடை இந்த வசனத்தில் இல்லையென்று 27:5-க்குப் போகிறது. மசோரெத்தியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரு பாடங்களும் அருகருகே உயிரோடு இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஆர்.எஸ்.வி. இன்னோரிடத்தில் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. ஏசாயா 9:3-இலும் இதே ஓரெழுத்துச் சிக்கல்தான்: மகிழ்ச்சி பெருகியதா, பெருகவில்லையா? 1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு 'இல்லை' என்றது. ஆர்.எஸ்.வி. கெரேயைப் பின்பற்றி மகிழ்ச்சியைப் பெருக்கியது. அறுவடைக் களிப்பைச் சொல்லும் அடுத்த வரி அதற்குத் துணைநிற்கிறது, சரியான முடிவு. அப்படியானால் யோபுவிலும் சுற்றியுள்ள வரிகளைக் கேட்க வேண்டாமா?

கேட்டால் சான்று மெலிந்துதான் கிடைக்கிறது. 6:11-இல் யோபு, காத்திருக்கத் தனக்கு என்ன பலம் இருக்கிறது என்று சோர்கிறான். 14:14-இலோ, 13:15-இல் நம்பிக்கையைக் குறிக்கும் அதே வினைச்சொல்லோடு, மாறுதல் வரும்வரை காத்திருப்பதைப் பேசுகிறான். 13:15-இன் பிற்பகுதி வழக்காடுகிறது. அடுத்த வசனம் மீட்பைப் பேசுகிறது. தனக்குச் செவிகொடுக்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை அடியோடு அற்றவன் வழக்காட முன்வரமாட்டான். இக்கட்டுரை கெரேயின் பக்கம் சாய்வது இதனால்தான்.

பழைய மொழிபெயர்ப்புகள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு நம்பிக்கையைத் தருகிறது. கிரேக்க செப்துவஜிந்தாவில் இரண்டுமே இல்லை, பேசி வாதிடுவேன் என்பது மட்டுமே. கும்ரானில் கிடைத்த அரமேய யோபுவின் எஞ்சிய பகுதிகளில் 13-ஆம் அதிகாரம் இல்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய்க்கு இந்த வசனத்தை வாசித்துக் காட்டும் போதகர், அந்த ஒரு சொல்லின் இரு பக்கங்களையும் அறிந்திருக்க வேண்டும். தமிழ் வேதாகமத்தின் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. 'இல்லை' என்ற மறுபாடத்தையும் அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாக அச்சிட வேண்டும்.