கள்ள ஓட்டும் கைம்பெண் ஓட்டும்

புதிய குடியரசு – 14

1807 பிப்ரவரி. நியூ ஜெர்சி மாநிலத்தின் எஸெக்ஸ் கவுண்டியில் ஒரு தேர்தல் நடந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அல்ல. கவுண்டியின் புதிய நீதிமன்றக் கட்டடத்தை எந்த ஊரில் கட்டுவது என்று மக்களிடம் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில்தான் என்றார்கள் நியூவார்க்காரர்கள். எலிசபெத்டவுன்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றம் வந்தால் வக்கீல்கள் வருவார்கள், வழக்காட வருகிறவர்களுக்குத் தங்கும் விடுதி வேண்டும், கடைத்தெரு பெருகும், நிலத்தின் விலை ஏறும். ஊர்மானம் என்ற பெயரில் காசுக்காக நடந்த சண்டை அது.

கள்ள ஓட்டு ஆறாக ஓடியது. ஒரே ஆள் ஊர் ஊராகப் போய் ஓட்டுப் போட்டார். மீசை முளைக்காத பையன்களும் போட்டார்கள். ஒரு முறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஆண்கள் சிலர், பெண் உடை உடுத்திக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் போட்டதாகப் புகார் எழுந்தது. எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 14,000 ஓட்டு. வழக்கமாக விழுவதைப் போல மூன்று மடங்கு. நியூவார்க் ஜெயித்தது. மாநில சட்டமன்றம் அந்தத் தேர்தலே செல்லாது என்று அறிவித்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். கள்ள ஓட்டுப் போட வந்தவர் ஏன் பெண் வேடத்தில் வரவேண்டும்? நியூ ஜெர்சியில் பெண்களுக்கு ஓட்டு இருந்தது. அப்போது அதற்கு முப்பத்தோராவது வயது.

அந்த உரிமை பிறந்த நேரம் அப்படி. 1776 ஜூன் மாதக் கடைசி. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தன. பர்லிங்டன் நகரில் கூடியிருந்த மாகாணக் காங்கிரஸ், சில நாள் அவகாசத்தில் ஓர் அரசியல் சட்டத்தை எழுதி முடித்து ஜூலை 2 அன்று நிறைவேற்றியது. சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு நாள் முன்னால். ஓட்டுரிமை யாருக்கு என்ற இடத்தில் ஆண் என்ற சொல் இல்லை. வெள்ளையர் என்ற சொல்லும் இல்லை. வயது வந்த, கடன் போக 50 பவுண்டு சொத்துள்ள, கவுண்டியில் ஓராண்டு குடியிருந்த எல்லாக் குடிகளும் என்று எழுதினார்கள்.

அவசரத்தில் விட்டுப்போன சொல் என்று இதை ஒதுக்கிவிடலாமா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. 1790-இல் மாநிலத்தின் 13 கவுண்டிகளில் ஏழுக்காக ஒரு தேர்தல் சட்டம் வந்தது. அதில் வாக்காளரைக் குறிக்கும்போது ‘அவன் அல்லது அவள்’ என்று விரித்தே எழுதினார்கள். 1797-இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. கை தவறி ஒரு முறை எழுதலாம். பதினான்கு ஆண்டு கழித்தும், இருபத்தோரு ஆண்டு கழித்தும் இரண்டு சட்டங்களில் எழுத முடியாது. மேற்கு நியூ ஜெர்சியில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறைய. வழிபாட்டுக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ‘அவள்’ என்று எழுத அவர்களுக்குக் கை கூசியிருக்காது.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்த உரிமை அல்ல. அன்றைய ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஆள் கணவன். மனைவி கொண்டுவந்த பணமும் பண்டமும் அவன் பெயருக்குப் போய்விடும். தன் பெயரில் 50 பவுண்டு இருந்தால்தானே ஓட்டு? ஆகவே ஓட்டுப் போட்டவர்கள் கைம்பெண்களும் மணமாகாத பெண்களும். அந்த 50 பவுண்டு நிலமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. மாடு, கட்டில், பாத்திரம், கையிருப்பு எல்லாம் சேர்த்துக் கணக்கு வந்தால் போதும். கணவனைப் பறிகொடுத்து, பண்ணையைத் தானே பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி, தேர்தல் நாளில் ஊர் மதுவிடுதிக்கு நடந்து வருவாள். பல ஊர்களில் ஓட்டுச்சாவடி அங்கேதான். பக்கத்துப் பண்ணைக்காரர் நிற்கும் அதே வரிசையில் நின்று ஓட்டைப் போட்டுவிட்டுப் போவாள்.

கற்பனை என்று நினைக்கவேண்டாம். பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஓட்டுப்பதிவுப் பட்டியல்களைத் தேடிப் பிடித்தார்கள். சாமர்செட் கவுண்டியின் மான்ட்கோமரி ஊர்ப் பட்டியல் 1801 அக்டோபரில் எழுதியது. ஓட்டுப் போட வந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் 343 பேர். அவர்களில் 46 பேராவது பெண்கள். குறைந்தது நான்கு பேர் சுதந்திரமான கறுப்பின ஆண்கள். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் பெண். 1801-இல்! உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு காகிதம் இருந்திருக்கும்?

கட்சிக்காரர்கள் இந்த ஓட்டுகளை நன்றாகவே கணக்குப் பார்த்தார்கள். 1797-இல் எஸெக்ஸ் கவுண்டி மேலவைத் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் கட்சி சார்பில் எலிசபெத்டவுன் வில்லியம் கிரேனும், ஜெஃபர்சனின் ரிபப்ளிகன் கட்சி சார்பில் ஜான் காண்டிட்டும் நின்றார்கள். (இன்றைய ரிபப்ளிகன் கட்சி வேறு, அது வேறு.) எலிசபெத்டவுனில் 75 பெண்கள் வரை திரண்டு வந்து கிரேனுக்குப் போட்டதாகச் செய்தி. காண்டிட் தப்பிப் பிழைத்தார். நியூவார்க் பத்திரிகையில் பெண் வாக்காளர்களைக் கேலி செய்து பாட்டே வந்தது. அதே ஆண்டு, ஜனாதிபதியின் மனைவி அபிகெய்ல் ஆடம்ஸ் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் மாசசூசெட்ஸ் சட்டமும் நியூ ஜெர்சியைப் போல இருந்தால் நானும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்ற பொருளில் எழுதினார். நாட்டின் தலைவர் மனைவிக்கு இல்லாத உரிமை, நியூ ஜெர்சிக் கைம்பெண்ணுக்கு இருந்தது.

இனி நீதிமன்றச் சண்டைக்கு வருவோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவாடை கட்டிக்கொண்டு ஏமாற்றியவர்கள் ஆண்கள். பழி விழுந்தது பெண்கள் தலையில். மோசடி வெறும் சாக்குதான் என்று நான் நினைக்கிறேன். ரிபப்ளிகன் கட்சி இரண்டு கோஷ்டியாகப் பிளந்து கிடந்தது. 1808 ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்களின் ஓட்டு ஃபெடரலிஸ்டுகளுக்குப் போகிறது என்று ஒரு தரப்புக்கு எரிச்சல். கறுப்பினத்தவரும் குடியுரிமை பெறாத வெளிநாட்டவரும் ஓட்டுப் போடுகிறார்கள் என்று இன்னொரு தரப்புக்கு எரிச்சல். இரு தரப்பும் ஆளுக்கொன்றை விட்டுக்கொடுத்துக் கைகுலுக்கிக்கொண்டன. விட்டுக்கொடுத்தது எதுவும் அவர்களுடையது அல்ல.

1807 நவம்பர் 16 அன்று புதிய சட்டம் நிறைவேறியது. ஓட்டு இனி 21 வயது நிரம்பிய, சுதந்திரமான, வெள்ளை ஆண் குடிமகனுக்கு மட்டும். மாநிலத்தின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் கண்ணியத்துக்கும் இது அவசியம் என்று முகப்புரையில் காரணம் சொன்னார்கள். அரசியல் சட்டம் ‘எல்லாக் குடிகளும்’ என்கிறது. அதைத் திருத்தாமலே, ஒரு சாதாரணச் சட்டத்தால் அதன் குரல்வளையை நெரித்துவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் அடுத்த பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 50 பவுண்டு இல்லாவிட்டாலும், வரிப் பட்டியலில் பெயர் இருந்தால் அவருக்கு 50 பவுண்டு இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஏழை வெள்ளைக்காரருக்கு ஓட்டு வந்தது. அவர் பட்ட பாட்டுக்கு அது நியாயம்தான். அதே காகிதத்தில், வரி கட்டிவந்த கைம்பெண்ணுக்கும், சொத்துச் சேர்த்திருந்த கறுப்பின விவசாயிக்கும் ஓட்டுப் போயிற்று. மூன்றே ஆண்டு முன்னால் 1804-இல், அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் படிப்படியாக விடுவிக்கச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆண் பிள்ளைக்கு 25 வயதில் விடுதலை, பெண் பிள்ளைக்கு 21 வயதில். அவர்கள் வளர்ந்து சுதந்திர மனிதர்களாக வருவதற்குள் ஓட்டுச்சாவடியின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதே வழியில் மற்ற மாநிலங்களும் நடந்தன. கனெக்டிகட் 1818-இல், பென்சில்வேனியா 1838-இல் ‘வெள்ளையர்’ என்ற சொல்லைத் தங்கள் அரசியல் சட்டத்தில் எழுதின. நியூயார்க் 1821-இல் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்திவிட்டு, கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. ‘சாமானியனின் காலம்’ என்று பாடப்புத்தகங்கள் புகழும் ஜனநாயகம் இப்படித்தான் அகலமானது.

நியூ ஜெர்சி தன் 1844 அரசியல் சட்டத்தில் ‘வெள்ளை ஆண்’ என்பதை எழுத்திலேயே பதித்தது. ஆரஞ்ச் நகரில் குடியிருந்த பெண்ணுரிமைப் போராளி லூசி ஸ்டோன், ஓட்டில்லாத எனக்கு வரி எதற்கு என்று சொல்லி 1857-இல் கட்ட மறுத்தார்; அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டு வரியை எடுத்துக்கொண்டார்கள். 1870 மார்ச் 31 அன்று பெர்த் அம்பாய் நகரில் தாமஸ் மண்டி பீட்டர்சன், இனத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்ற 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்கீழ் ஓட்டுப் போட்ட முதல் கறுப்பினக் குடிமகன் ஆனார். நியூ ஜெர்சிப் பெண்கள் பொதுத்தேர்தலில் மறுபடியும் ஓட்டுப் போட்டது 1920 நவம்பரில். இடையில் 113 ஆண்டுகள்.

(தொடரும்)