90 வினாடியில் காணாமல் போன ஐகான்: டாஸ்க்பாரின் கதை

புது லேப்டாப் வாங்கி முதல் தடவை ஆன் பண்ணினதும் நம்மில் பல பேர் செய்யற வேலை ஒண்ணு இருக்கு. கீழே டாஸ்க்பாரில் நாம கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிற ஐகான்களை ஒவ்வொண்ணா ரைட் கிளிக் பண்ணி, 'அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்' கொடுத்துத் தூக்கறது. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா 1990களில், ஒரு ஐகானைத் திரையிலிருந்து எடுக்கறதுக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரிச்ச கம்பெனிக்கே உரிமை இல்லாம இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல டாஸ்க்பார் எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம். விண்டோஸ் 3.1-ல ஒரு புரோகிராமை மினிமைஸ் பண்ணினா அது சின்ன ஐகானா மாறித் திரையோட அடியில போய் உட்காரும். மேல இன்னொரு பெரிய விண்டோ திறந்திருந்தா அந்த ஐகானே தெரியாது. புதுசா கம்ப்யூட்டர் கத்துக்கறவங்க, புரோகிராம் மூடிடுச்சுன்னு நினைச்சு மறுபடியும் திறப்பாங்க. இதைச் சரி பண்ணத்தான் 1995 ஆகஸ்ட் 24-ல வெளியான விண்டோஸ் 95-ல எப்பவும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு பட்டை வந்தது.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. மைக்ரோசாஃப்டில் ரொம்ப வருஷமா வேலை பார்க்கிற ரேமண்ட் சென் இதை எழுதியிருக்கார். விண்டோஸ் 95-ன் ஆரம்பகட்ட வடிவத்தில் அது டாஸ்க்பாரே இல்லை, திரையின் அடியில் ஒட்ட வெச்ச ஒரு ஃபோல்டர். மேஜையோட மேல் டிராயரில் பேனா, கிளிப் எல்லாம் போட்டு வைக்க ஒரு தட்டு இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. நீங்க வேணுங்கறதை இழுத்துப் போடலாம், வேண்டாததை எடுத்துடலாம். அதனால அதுக்கு 'ட்ரே'ன்னு பேர். இன்னைக்கும் விண்டோஸ் உள்ளுக்குள்ள டாஸ்க்பார் விண்டோவோட பேர் 'ஷெல் ட்ரே'ன்னுதான் ஆரம்பிக்கும். ஆக, முதல் யோசனையிலயே அது பயனரோட தட்டுதான்.

விண்டோஸ் 95 வெளியானப்போ அந்த யோசனை சுருங்கிடுச்சு. ஸ்டார்ட் பட்டன், ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்கள், ஓரத்தில் கடிகாரம். அவ்வளவுதான். திறக்காத புரோகிராமுக்கு அங்கே இடமே கிடையாது. அதனால தொல்லையும் கிடையாது.

1997-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 வந்தது. அதைப் போட்டுக்கிட்டவங்களுக்கு ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்திலயே 'குயிக் லாஞ்ச்'னு ஒரு குட்டிப் பட்டை முளைச்சது. அதில் யார் உட்கார்ந்திருந்தாங்க? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அவுட்லுக் எக்ஸ்பிரஸ்னு பெரும்பாலும் வீட்டுக்காரரோட சொந்தக்காரங்கதான். அடுத்த வருஷம் விண்டோஸ் 98-ல அது கூடவே வந்துடுச்சு. டாஸ்க்பாரில் நிரந்தர இடம் பிடிச்ச முதல் ஷார்ட்கட்கள், ஒரு பிரவுசரோட வால் பிடிச்சு வந்தவை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப கோர்ட்டுக்குப் போவோம். நெட்ஸ்கேப் பிரவுசர் கொடிகட்டிப் பறந்த காலம். காம்பாக் கம்பெனி தன்னோட பிரசாரியோ கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துட்டு நெட்ஸ்கேப்பை முன்னால வெச்சது. 1996-ல் மைக்ரோசாஃப்டிலிருந்து கடிதம் வந்தது: ஐகானைத் திரும்ப வைக்கலைன்னா விண்டோஸ் 95 உரிமத்தை ரத்து பண்ணிடுவோம். விண்டோஸ் இல்லாம யார் கம்ப்யூட்டர் வாங்குவாங்க? ஐகான் திரும்பி வந்துடுச்சு.

1997 டிசம்பர். அமெரிக்க நீதித்துறை போட்ட வழக்கு நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் முன்னால நடக்குது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை எடுத்தா விண்டோஸே சரியா வேலை செய்யாதுங்கறது மைக்ரோசாஃப்டோட வாதம். நீதிபதி ஒரு கம்ப்யூட்டரில் அதை நீக்கிப் பார்க்க வெச்சார். 90 வினாடிக்குள்ள ஐகான் காணோம், விண்டோஸ் நல்லா ஓடுது!

மைக்ரோசாஃப்ட் சொன்ன பதில், நீங்க நீக்கினது வெறும் முகப்பைத்தான், அடியில் இருக்கிற கோட் எல்லாம் அப்படியே இருக்குங்கறது. புரோகிராம் எழுதறவனா சொல்றேன், தொழில்நுட்ப ரீதியா அதில் தப்பு இல்லை. ஷார்ட்கட் வேற, புரோகிராம் வேற. இன்னைக்கும் டாஸ்க்பாரில் அன்பின் பண்ணினா ஒரு சின்ன 'லிங்க்' ஃபைல்தான் போகும். ஆனா மைக்ரோசாஃப்டோட பதிலை அவங்க பக்கமே திருப்பலாம். முகப்பை எடுக்கறதால எதுவும் கெட்டுப்போகாதுன்னா, காம்பாக் எடுத்தப்போ உரிமத்தையே பிடுங்குவோம்னு ஏன் மிரட்டணும்? ஒரு ஐகான் எங்கே உட்காருதுங்கறதுதான் வியாபாரம்.

1998 மே மாசம் பெரிய ஏகபோக வழக்கு வந்தது. 2000-ல் கம்பெனியை ரெண்டாப் பிரிக்கணும்னு ஜாக்சன் உத்தரவு போட்டார். 2001 ஜூன் 28-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிப்பை ரத்து பண்ணுச்சு. செய்திகளில் பெரிசா அடிபட்டது அதுதான். ஆனா அதே தீர்ப்பு, கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஐகானையோ ஸ்டார்ட் மெனு பதிவையோ நீக்கக்கூடாதுன்னு கட்டுப்படுத்தினது சட்டவிரோதம்னு உறுதி பண்ணுச்சு. விண்டோஸ் 98-ல 'ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்' பட்டியலிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒளிச்சு வெச்சதும் தப்புன்னு சொல்லுச்சு. ரெண்டே வாரத்தில், ஜூலை 11-ல, அந்த ஐகான்களை நீக்கிக்கலாம்னு மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. 2002 நவம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு, மைக்ரோசாஃப்டோட பிரவுசர் மாதிரியான சாஃப்ட்வேர்களோட ஐகானை நீக்கற வசதி பயனருக்கும் இருக்கணும்னு எழுதி வெச்சது.

2009-ல் விண்டோஸ் 7 வந்தப்போ குயிக் லாஞ்ச் பட்டையும் ஓடற புரோகிராம் பட்டையும் ஒண்ணாக் கலந்தது. நாம இப்ப சொல்ற 'பின்' பண்றது அப்போ வந்ததுதான். இதில் மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல முடிவு எடுத்தது: ஒரு புரோகிராம் தன்னைத்தானே டாஸ்க்பாரில் பின் பண்ணிக்கறதுக்கு வழி கொடுக்கலை. கொடுத்தா, இன்ஸ்டால் ஆகிற ஒவ்வொண்ணும் தான்தான் உங்க செல்லப்பிள்ளைன்னு நினைச்சு வந்து ஏறிக்கும். எனக்கு இதில் முழு உடன்பாடு. ஆனா சட்டம் எழுதினவங்க தங்களுக்கு மட்டும் விலக்கு வெச்சுக்கிட்டாங்க. விண்டோஸ் 10-லயும் 11-லயும் எட்ஜும் ஸ்டோரும் முன்கூட்டியே பின் ஆகி வரும்.

இன்னொண்ணும் இருக்கு. கம்ப்யூட்டர் தயாரிக்கிற கம்பெனிகள் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் எழுதித் தங்களுக்கு வேணுங்கற ஐகான்களை டாஸ்க்பாரில் வைக்கலாம். அன்னைக்குக் காம்பாக் கேட்ட சுதந்திரம், இன்னைக்கு நமக்குச் சோதனைக்கால ஆன்டிவைரஸா வந்து சேருது.

சரி, எடுக்கற வழி. சாதாரண பின்னா இருந்தா ரைட் கிளிக், அன்பின், முடிஞ்சது. விண்டோஸ் 11-ல விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ மாதிரி சிலது பின்னே கிடையாது, விண்டோஸோட பகுதி. அதுக்கு டாஸ்க்பாரில் காலியா இருக்கிற இடத்தில் ரைட் கிளிக் பண்ணி, 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போய் சுவிட்சை ஆஃப் பண்ணணும். எட்ஜை மொத்தமா கழட்டணும்னா? டிஜிட்டல் சந்தைச் சட்டம் காரணமா 2024-லிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறவங்களுக்கு அந்த வசதி உண்டு. நம்ம ஊரில் அன்பின் வரைக்கும்தான்.

ஃபோல்டரில் போய் ஷார்ட்கட் ஃபைலை அழிச்சா போதாதான்னு சிலர் கேட்பீங்க. போதாது. அது எந்த வரிசையில் நிக்கணுங்கற பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் தனியா இருக்கு. ஆனாலும் ஒரு தடவை அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க. ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட்னு உள்ளே போனா உங்க பின் எல்லாம் இருக்கிற ஃபோல்டர் வரும். 2022 ஜூன் 15-ல மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்து அனுப்பின பிரவுசரோட பேர் அந்தப் பாதையில் இன்னும் இருக்கு: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அதுக்குள்ள குயிக் லாஞ்ச், அதுக்குள்ள யூசர் பின்டு, அதுக்குள்ள டாஸ்க்பார்.