காரணம் பிடிபடாத நீர்க்கடுப்பும் அதற்கான எண்ணும்

நீர் கழிக்கும்போது எரிகிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் எந்தக் கிருமியும் சிக்கவில்லை. இப்படி வரும் நோயாளியின் ஏட்டில் மருத்துவர் என்ன எழுதுவது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல், பத்தாம் திருத்தத்தில், இதற்கென்று சில எண்களை வைத்திருக்கிறது. எரிச்சலை மட்டும் குறிக்க ஆர் 30.0. யூரித்ரா எனும் சிறுநீர்ப் புறவழியில் அழற்சி இருந்தும் குறிப்பான காரணம் தெரியாவிட்டால் என் 34.1. புறவழித் தொந்தரவின் வகை குறிப்பாகப் பிடிபடவில்லை என்றால் என் 34.3. ‘தெரியவில்லை’ என்று எழுத இத்தனை இடம் எதற்கு என்று தோன்றலாம். அந்த இடங்கள் கிடைக்க 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

லண்டன் வணிகர் ஜான் கிராண்ட், நகரின் வாராந்தரச் சாவுப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கல்லடைப்பும் சொட்டுச் சொட்டாக நீர் பிரியும் நோயும் ஒரே வரியில் அடங்கியிருந்தன. சாவுக்கான காரணத்தைச் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். பிணத்தைப் பார்த்துவர அமர்த்தப்பட்ட வயதான பெண்கள். பால்வினை நோயால் இறந்தவர்களின் குடும்பத்தார் அந்தப் பெண்களுக்கு ஒரு கோப்பை மதுவும் வழக்கத்துக்கு மேல் கூலியும் கொடுத்து வேறு காரணத்தைச் சொல்ல வைத்தார்கள் என்று கிராண்ட் சந்தேகித்தார். சிறுநீர்ப் பாதையின் நோய்களை அறியாமை பாதி மறைத்தது என்றால், வெட்கம் மீதியை மறைத்தது.

இங்கிலாந்தில் 1837-ல் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியபோது, அதன் புள்ளிவிவரங்களைக் கவனித்த வில்லியம் ஃபார் பெரும் குழப்பத்தைக் கண்டார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள். ஒரே பெயரில் பல நோய்கள். நோய்களை உடலுறுப்புவாரியாக அடுக்கலாம் என்ற அவருடைய யோசனையை ஒட்டி, பாரிஸைச் சேர்ந்த ஜாக் பெர்ட்டியோன் 1893-ல் சிகாகோவில் ஒரு பட்டியலை முன்வைத்தார். 1900-ல் 26 நாடுகள் பாரிஸில் கூடி, 179 தொகுதிகள் கொண்ட திருத்தப் பட்டியலை ஏற்றன. ஆனாலும் அது முதன்மையாகச் சாவுக் கணக்குதான். நீர் எரிச்சலால் யாரும் சாவதில்லை. ஆகவே அந்த வேதனைக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. உயிரோடு இருப்பவர்களின் நோய்களையும் முழுமையாகச் சேர்த்துக்கொண்டு பட்டியல் விரிந்தது 1948-ன் ஆறாம் திருத்தத்தில்தான்.

மருத்துவமனைகளில் இதே கதை வேறு தடத்தில் நடந்தது. ஆல்பர்ட் நைசர் 1879-ல் வெட்டை நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு, அந்தக் கிருமி இல்லாமலும் பல ஆண்களுக்குப் புறவழியில் அழற்சி இருப்பது தெளிவானது. ‘வெட்டைக் கிருமியால் வராத அழற்சி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. எது அல்ல என்பதை மட்டும் சொல்லும் பெயர் அது. ஆனால், அப்படித் தனியே பிரித்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அந்தக் கூட்டத்துக்குள் தேட முடிந்தது. கிளமிடியா என்ற பாக்டீரியா அங்கிருந்து வெளிப்பட்டது. 1981-ல் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற நுண்ணுயிரி, இத்தகைய 13 ஆண்களில் இருவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

பெண்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கசப்பானது. 1950-களில் பாஸ்டனின் எட்வர்ட் காஸ், ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000 பாக்டீரியா இருந்தால் தொற்று என்ற அளவுகோலை முன்வைத்தார். சிறுநீரகத் தொற்று உள்ளவர்களையும், அறிகுறி ஏதுமற்ற பெண்களையும் ஆராய்ந்து கிடைத்த கோடு அது. எரிச்சலோடு வந்த பெண்களுக்கும் அதே கோட்டை இழுத்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் ‘தொற்று இல்லை’. நியூசிலாந்து மருத்துவர்கள் 1965-ல் இப்படிப்பட்ட பெண்களின் நிலையை ‘யூரித்ரல் சிண்ட்ரோம்’ என்று குறித்தார்கள். பெயர் கிடைத்தும் பலருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. மனக்கவலைதான் காரணம் என்று சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு சிலருக்குக் கருவியைச் செலுத்திப் புறவழியை அகலப்படுத்தினார்கள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் வால்டர் ஸ்டாம் குழுவினர் இந்தப் பெண்களையே நேரடியாக ஆராய்ந்தார்கள். 59 பேரைப் பற்றிய 1980-ன் ஆய்வில், சிறுநீரில் சீழணுக்கள் இருந்த பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே தொற்று இருந்தது. பாக்டீரியா குறைந்த எண்ணிக்கையில் இருந்தது, அல்லது கிளமிடியா இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு 100 பாக்டீரியாவே போதிய சான்று என்று அந்தக் குழு சொன்னது. அளவுகோலில் ஆயிரம் மடங்கு இறக்கம்! அந்தப் பெண்களின் வலி பொய்யல்ல. கோடுதான் தவறான இடத்தில் இருந்தது.

அப்போதும் எல்லாருக்கும் விடை கிடைத்துவிடவில்லை. எஞ்சியவர்களுக்காக அமெரிக்கப் பட்டியலின் ஒன்பதாம் திருத்தத்தில் 597.81 என்ற எண் இருந்தது. 2015 அக்டோபர் 1 அன்று பத்தாம் திருத்தம் அங்கே நடைமுறைக்கு வந்தபோது அதன் இடத்துக்கு என் 34.3 வந்தது. புறநோயாளிகளுக்கு அந்நாட்டு விதி கண்டிப்பானது: ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்ற நிலையில் உள்ள நோய்க்கு எண் போடக் கூடாது, உறுதியாகும்வரை அறிகுறிக்கு உரிய எண்ணையே போட வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்காக மட்டும் உள்ள விதியாக இதைக் கருதுவது தவறு. ஊகமாக எழுதிய ‘தொற்று’ ஏட்டில் ஏறிவிட்டால், அடுத்த மருத்துவர் அதை நம்பி மறுபடியும் ஆன்டிபயாடிக் எழுதுவார். தேடல் அங்கேயே நின்றுவிடும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தமும் அறிகுறிகளுக்கென ஒரு தனி அத்தியாயத்தை வைத்திருக்கிறது. ஆனால் எண் மட்டும் போதாது. எத்தனை நாளாக எரிச்சல், கசிவு உண்டா, சீழணுக்கள் தெரிந்தனவா, கிளமிடியாவுக்குச் சோதித்தார்களா என்ற விவரங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் மருத்துவ அறிக்கையில் ‘காரணம் தெரியவில்லை’ என்று இருந்தால் மனம் சோர வேண்டாம். எந்தெந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி என்பதைக் கேட்டு, அதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.