விழித்தவருக்கு மிஞ்சும் கனவு

படுக்கைக்கு அருகே மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தாள், பென்சில். இரவில் வெவ்வேறு நேரத்துக்கு அலாரம். மணி அடித்ததும் எழுந்து, கண்ட கனவை அப்போதே எழுதிவிட வேண்டும். மேரி விட்டன் கேல்கின்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, உளவியலாளர் எட்மண்ட் சான்ஃபோர்டுடன் சேர்ந்து சில வாரங்கள் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு 375 கனவுகளைச் சேர்த்தார். 1893இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்.

அவர் சேர்த்தவற்றில் பெரும்பகுதி பின்னிரவுக் கனவுகள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்நேரத்துக் கனவுதான் விழிக்கும்போது கையில் இருக்கிறது; அதனாலேயே அதற்கு இத்தனை மதிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடும் கட்டங்கள் உண்டு என்று காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் 27 முறை எழுப்பிக் கேட்டதில் 20 முறை விரிவான கனவு கிடைத்தது. விடியலை நெருங்க நெருங்க இந்தக் கட்டம் நீளும். 1959இல் டொனால்ட் குடினஃப் குழுவினர், கனவே வருவதில்லை என்றவர்களையும் அதே கட்டத்தில் எழுப்பினார்கள். மற்றவர்களைவிடக் குறைவாகத்தான், ஆனாலும் அவர்களும் கனவு சொன்னார்கள்.

இதைப் படித்தபோது என் பெற்றோர்தான் நினைவுக்கு வந்தார்கள். "ராத்திரி கனவுல நம்ம கெணறு நெறைஞ்சு வழியுது" என்று அடுப்படியில் அம்மா தினம் ஒன்று சொல்வாள். அப்பா, "எனக்கு அதெல்லாம் வர்றதே இல்ல" என்பார். இரவில் தம்பி முனகினால் எழுபவள் அம்மா. மாட்டுக்கொட்டிலில் சத்தம் கேட்டாலும் அவளேதான். அப்பா படுத்தால் விடிந்துதான் எழுவார்.

பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி குழுவினர் அளந்து பார்த்தது எங்கள் வீட்டு வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது. கனவை அடிக்கடி நினைவில் வைத்திருப்பவர்கள் இரவில் மொத்தம் அரை மணி நேரம்போல விழித்திருந்தார்கள். மற்றவர்கள் கால் மணி நேரம்தான். பெயர் சொல்லும் ஒலி கேட்டால் முதல் வகையினரின் மூளை கூடுதலாக எதிர்வினை காட்டியது. ஆனால் விழிப்பு மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் முடித்துவிடவில்லை. முதல் வகையினருக்குக் கனவே கூடுதலாக உண்டாகிறது என்ற வாய்ப்பையும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.