அலையை வென்ற பாதையும் அலை கொண்ட பாதையும்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் காலனி அன்பர்களுள் இராமேசுவரம் போகாதார் மிகச் சிலரே. பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஆமைபோல் ஊர்ந்ததென்று திரும்பி வந்து குறைகூறியவர் பலர். அக்குறைக்கு விடையாகவே இதனை எழுதப் புகுந்தோம். நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவரேயன்றிப் பொறியியல் பயின்றவரல்லோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

கடலை அடுத்துச் செல்லும் பாதைக்கு, அலை வந்து மோதுதல் மட்டும் பகையன்று. மேலேறிய நீர் மீளுங்கால் கரைமண்ணையும், தண்டவாளத்தைத் தாங்கும் சரளைக் கல்லையும் அரித்துக்கொண்டு போகிறது. இங்கிலாந்தில் டாலிஷ் என்னும் ஊரார் இதனைக் கண்கூடாகக் கண்டனர். புரூனல் என்னும் புகழ்பெற்ற பொறியாளர் அமைத்து 1846இல் திறக்கப்பெற்ற கடற்சுவர்ப் பாதை அது. 2014 பிப்ரவரியில் புயலலை சுவரைப் பிளக்க, தண்டவாளம் நூலேணிபோல் வெளியில் தொங்கிற்று. கப்பற்சரக்குப் பெட்டகங்களில் கல் நிரப்பி வரிசையாக வைத்து, அலையைத் தடுத்துக்கொண்டே பணிசெய்து, ஏப்ரல் 4ஆம் நாள் மீண்டும் வண்டி விட்டனர். பின்னர் எழுப்பிய சுவர் பழையதினும் உயரமானது. அதன் தலை கடலை நோக்கி வளைந்திருத்தலின், ஏறிவரும் அலை சுருண்டு கடலுக்கே மீள்கிறது. அதற்கு அப்பாலுள்ள மாவட்டங்களுக்கு வேறு இருப்புப்பாதை இன்மையால் அந்நாட்டார் செலவைப் பார்த்திலர்.

நம் தனுஷ்கோடிக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றபின் போட் மெயில் பயணிகள் சென்னையிலிருந்து தனுஷ்கோடித் துறை வரை வண்டியிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். அத்துறைக்குச் சென்ற பாதையோ இருபுறமும் கடல் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டின்மேல் கிடந்தது. ஒருபுறம் சுவர் எழுப்பினால் மறுபுறம் கடல்! டாலிஷில் பாதையின் பின்னே குன்றேனும் உண்டு.

1964 டிசம்பர் 22 இரவு, 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்றுமுன் புறப்பட்டது. தனுஷ்கோடியை அணுகும் வேளையில் புயலோடு எழுந்த பேரலை அதனை அப்படியே விழுங்கிற்று. ஒருவரும் பிழைத்திலர். பயணிகள் 110, ஊழியர் ஐவர் என்பது கணக்கு. கணக்கெழுதி வயிறு வளர்க்கும் நமக்கு இவ்விடத்தில் பேனா ஓடவில்லை. டிக்கெட் வாங்கியோரையன்றோ ஏடு அறியும்? வாங்காமல் ஏறியோரும் பலர் என்பர். அவர்தம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தனுஷ்கோடி என்னும் ஊரும் அவ்விரவோடு போயிற்று.

பாம்பன் பாலமோ 145 கண்களையுடையது. அவற்றுள் 126 கண்களின் கர்டர்களைக் கடல் பறித்துச் சென்றது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதி தப்பி நின்றது. சீர்செய்ய ஆறு மாதமாகும் என்று முதலில் மதிப்பிட்டனர். பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் தில்லி மெட்ரோவாலும் பெயர்பெற்ற ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர்; பொறுப்பு அவரிடம் வந்தது. புதிய கர்டர்கள் வந்து சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கடலடியில் கிடந்தவற்றைத் தேடி மீட்டு, அவற்றையே மீண்டும் தூண்கள்மேல் ஏற்றி, 46 நாளில் பணியை முடித்தார். நீரில் இறங்கிய கலாசிகளை யார் நினைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பின்னாளில் அப்பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் இயங்கிற்று. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் சிக்னல் சிவப்பாகும். வண்டி கரையிலேயே நிற்கும். உப்புக்காற்றில் துருவேறி முதுமையடைந்த பாலமாதலின் வண்டியும் மெல்லவே சென்றது. அன்பர்கள் அலுத்துக்கொண்ட ஆமைநடையின் காரணம் இதுவே. 2022 டிசம்பரில் அதன்மேல் போக்குவரத்து நிறுத்தப்பெற்றது. அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. அது பழையதினும் 3 மீட்டர் உயரம். உள்ளே பயன்படுத்திய கம்பியும் துருப்பிடியாத எஃகு.

தனுஷ்கோடிப் பாதையை மட்டும் புயலுக்குப்பின் எவரும் புதுப்பிக்கவில்லை. கப்பலும் இராமேசுவரத்திலிருந்தே புறப்படலாயிற்று. 2019இல் அப்பாதையை மீண்டும் இட அடிக்கல் நாட்டினர். ஆயினும் தண்டவாளம் இடப்படவில்லை. இட வேண்டும் என்று நம் சங்கத்திலேயே வாதிடும் அன்பர் உளர். அவ்வாதத்தில் நாம் சேர்வதில்லை. அம்மணல்திட்டு மாறவில்லை, கடலும் மாறவில்லை. இப்போது அரிச்சல்முனை வரை சாலை உண்டு. வழியில் பழைய நிலையத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அங்கே வண்டியை நிறுத்தி, 653ஆம் எண் வண்டியின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.