உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளில் வீழ்படிவுக் கடினமாக்கல்

பல உலோகங்களை ஏறத்தாழச் சம அளவில் உருக்கிச் சேர்த்த கலவையினுள், வெப்பப் பதனத்தின் வழியே நானோமீட்டர் அளவுள்ள துகள்களைப் படியச் செய்து வலிமையைக் கூட்டும் முறை உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளின் வீழ்படிவுக் கடினமாக்கல் எனப்படும்.

மரபுவழி உலோகவியல் ஓர் உலோகத்தை முதன்மையாகக் கொண்டு, பிறவற்றைச் சிறிதளவே சேர்ப்பது. தில்லி குதுப் வளாகத்தில் நிற்கும், ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள குப்தர் கால இரும்புத் தூண் இதற்குச் சிறந்த சான்று. அதில் சுமார் 0.25 விழுக்காடே உள்ள பாஸ்பரஸ், துருவைத் தடுக்கும் படலம் உருவாகத் துணைபுரிவதோடு, இரும்பின் படிக அடுக்கில் கரைந்து நின்று அதைக் கடினமாக்கவும் செய்கிறது. 2004இல் தைவானின் ஜியன் வெய் யே குழுவும் பிரிட்டனின் பிரையன் கேண்டர் குழுவும் தனித்தனியே இம்மரபிலிருந்து விலகி, பல உலோகங்களை ஏறத்தாழச் சம அளவில் கலந்தன. அதற்கு ஓராண்டு முன்பே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பல்லுலோகக் கலவைகளைப் பற்றி எழுதியிருந்தார் என்பது இந்திய வாசகர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஐந்து தனிமங்கள் சம அளவில் கலக்கும்போது, அணுக்களின் ஒழுங்கின்மையை அளக்கும் கலப்பு என்ட்ரோபி, வளிம மாறிலியின் 1.61 மடங்காகிறது; இரண்டு தனிமங்களுக்கு அது 0.69 மடங்கே. இவ்வுயர்வு எல்லா அணுக்களையும் ஒரே திண்மக் கரைசலாகப் பிணைத்து வைக்கும் என்பதே தொடக்கக்கால எதிர்பார்ப்பு. ஆனால் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றாலான கேண்டர் கலவையை 500 நாள்கள் 500 அல்லது 700 பாகை செல்சியசில் வைத்திருந்தபோது, அதனுள் வேறு கட்டங்கள் (தனித்த அமைப்புடைய பகுதிகள்) பிரிந்து தோன்றியதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குறையெனத் தோன்றும் இப்பிரிவுதான், அளவறிந்து ஆளப்படும்போது வலிமைக்கு ஊற்றாகிறது.

1906இல் ஆல்ஃப்ரட் வில்ம் அலுமினியக் கலவையில் கண்ட நெறியே இங்கும் செயற்படுகிறது. கலவையை மிகுவெப்பத்தில் ஒரே கரைசலாக்கி, விரைந்து குளிர்வித்து, பின் மிதமான வெப்பத்தில் முதிர்விக்கும்போது, கரைந்திருக்க இயலாத தனிமங்கள் துகள்களாகத் திரளுகின்றன. உலோகம் வளைவது, படிகத்தினுள் அணுவரிசைகளின் பிறழ்வுகள் நகர்வதால்; துகள்கள் குறுக்கிடும்போது பிறழ்வு அவற்றை வெட்டிச் செல்லவோ, சுற்றி வளைந்து செல்லவோ வேண்டியிருப்பதால் கூடுதல் தகைவு தேவைப்படுகிறது.

சீன ஆய்வாளர்கள் 2016இல், இரும்பு, கோபால்ட், நிக்கல், குரோமியக் கலவையில் 2 அணு விழுக்காடு டைட்டானியமும் 4 அணு விழுக்காடு அலுமினியமும் சேர்த்து, குளிர் உருட்டலுக்கும் முதிர்வித்தலுக்கும் உட்படுத்தினர்; நிரந்தர உருமாற்றம் தொடங்கும் தகைவு 1 கிகாபாஸ்கலைத் தாண்டியபோதும், பொருள் முறியுமுன் சுமார் 17 விழுக்காடு நீண்டது. நிக்கல், டைட்டானியம், அலுமினியம் ஒழுங்குற அமைந்த துகள்கள், தாய்க்கலவையின் அணுவரிசையோடு இசைந்து பொருந்தியதால் விரிசலுக்கு வழிவகுக்கவில்லை. ஜெட் இயந்திரங்களின் நிக்கல் மீக்கலவைகளிலும் இவ்வகைத் துகள்களே உள்ளன.

மிகையாக முதிர்வித்தால் துகள்கள் பருத்து, இடைவெளி அகன்று, வலிமை குன்றும். இக்கலவைகளில் அணுக்களின் விரவல் மந்தமானது, ஆகவே துகள்கள் எளிதில் பருக்கா என்ற கருத்து நெடுநாள் நிலவியது; ஆனால் சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். மூர்த்தி குழு, ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து கதிரியக்கத் தடங்காட்டிகளைக் கொண்டு அளந்தபோது, தனிமங்களின் எண்ணிக்கை மட்டுமே விரவலின் வேகத்தை முடிவுசெய்வதில்லை எனத் தெரியவந்தது.