எரியாத பிளாஸ்டிக் எரிந்த கதை

போன மாதம் விடுதியில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து ‘அப்போலோ 13’ படம் பார்த்தோம். 1995 இல் றொன் ஹவார்ட் எடுத்த படம். மூன்று விண்வெளி வீரர்களும் உயிரோடு கடலில் இறங்கினதும் எல்லாரும் கை தட்டினோம். பிறகுதான் ஒருத்தி கேட்டாள்: “ஒக்சிசன் தாங்கி வெடிச்சது சரி, ஒக்சிசன் தானா எரியாதே. உள்ளுக்க எரியிறதுக்கு என்ன கிடந்தது?”

தேடிப் பார்த்தோம். விடை, டெஃப்லோன். எங்கட குசினியில் ஒட்டாத தாச்சிக்குப் பூசியிருக்கிற அதே சாமான். அது எரியாது எண்டு தானே சொல்லுறவை? இந்தக் கேள்வியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள், விஞ்ஞானத்தை ஓ.எல். உடன் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் அதை நம்பினார்கள், நம்பியதால் என்ன நடந்தது என்று பார்ப்பது வரலாற்று வேலைதான்.

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் டியூபொன்ட் கம்பனியின் ஆய்வுகூடம். ரோய் பிளங்கட்டுக்கு அப்போது 27 வயது. குளிர்சாதனப் பெட்டிக்கான புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காக டெட்ராபுளோரோ எதிலீன் என்ற வாயுவைச் சின்னச் சின்ன உருளைகளில் அடைத்துக் குளிரில் வைத்திருந்தார்கள். அன்று காலை அவரும் உதவியாளர் ஜக் ரெபொக்கும் ஒரு உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. நிறுத்துப் பார்த்தால் நிறை குறையவில்லை. உருளையை வாளால் அறுத்தார்கள். உள்ளே மெழுகு போல வழுக்கும் வெள்ளைத் தூள் இருந்தது. வாயு தானாகவே ஒன்றோடொன்று கோத்துப் பிளாஸ்டிக்காகி இருந்தது.

அந்தத் தூள் எந்த அமிலத்திலும் கரையவில்லை. 300 பாகை செல்சியஸ் தாண்டியும் உருகவில்லை. அதன் உருகுநிலை 327 பாகை. காரணம் எளிமையானது. கடையில் தருகிற பொலித்தீன் பையில் காபன் சங்கிலியைச் சுற்றி ஐதரசன் இருக்கும். எரிவது என்றால், ஒக்சிசன் வந்து அந்த ஐதரசனையும் காபனையும் பிடித்துக்கொள்வது. இந்தத் தூளில் ஐதரசன் ஒன்றுகூட இல்லை, எல்லா இடத்திலும் புளோரின். காபனும் புளோரினும் பிடித்திருக்கும் பிடி அவ்வளவு பலமானது. ஒக்சிசனுக்குக் கை வைக்க இடமே இல்லை.

யுத்தம் வந்தது. அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட யுரேனியம் ஹெக்சாபுளோரைட் எதையும் அரிக்கும் பொருள். அதைத் தாங்கும் அடைப்பான்களுக்கும் வால்வுகளுக்கும் இந்தப் பிளாஸ்டிக்தான் கிடைத்தது. தாச்சிக்கு வருமுன்னம் அது போன இடம் மன்ஹற்றன் திட்டம். டெஃப்லோன் என்ற பெயர் பதிவானது 1945 இல்.

‘எரியாது’ என்பதை எப்படி அளப்பது? 1966 இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆய்வாளர்களான பெனிமோரும் மார்ட்டினும் ஒரு சோதனையைச் சொன்னார்கள். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பிளாஸ்டிக் துண்டை மெழுகுதிரி மாதிரி நிறுத்தி மேல் நுனியில் கொளுத்த வேண்டும். கீழிருந்து ஒக்சிசனும் நைதரசனும் கலந்து வரும். சுவாலை அணையாமல் இருக்க ஆகக் குறைந்தது எத்தனை வீதம் ஒக்சிசன் வேண்டும் என்று பார்க்க வேண்டும். பொலித்தீனுக்கு 17, 18 வீதம் போதும். நாங்கள் சுவாசிக்கிற காற்றில் 21 வீதம் இருக்கிறது, அதனால் பை பற்றினால் எரிந்துகொண்டே போகும். டெஃப்லோனுக்குக் கிட்டத்தட்ட 95 வீதம் வேண்டும். நெருப்பை எடுத்தால் அது அணைந்துவிடும்.

ஆனால் 95 என்பது 100 அல்ல. கதை முழுக்க இந்த ஐந்துக்குள்தான் கிடக்கிறது.

1967 ஜனவரி 27. அப்போலோ 1 கலம் ஏவுதளத்தில் ஒத்திகையில் நின்றது. உள்ளே வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டித் தூய ஒக்சிசன். எங்கோ ஒரு வயரில் பொறி. நைலோன் வலை, வெல்குரோ எல்லாம் நொடியில் பற்றின. கிரிசொம், வைற், சாவி மூவரும் இறந்தார்கள். பொறி வந்த சரியான இடம் கடைசிவரை உறுதியாகவில்லை. பிறகு நாசா கலத்துக்குள் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக மாற்றியது. விண்வெளி உடுப்பின் வெளிப்புறம் டெஃப்லோன் பூசிய கண்ணாடி இழைத் துணியானது. ஏவும்போது கலத்துக்குள் 60 வீதம் ஒக்சிசன், 40 வீதம் நைதரசன் என்று ஆனது.

ஒக்சிசன் தாங்கிக்குள் அப்படி எதையும் கலக்க முடியாது. அங்கே முழுக்க ஒக்சிசன், அதுவும் வளிமண்டலத்தைப் போல 60 மடங்கு அழுத்தத்தில். அதற்குள் ஓடிய வயர்களுக்கு டெஃப்லோன் உறை போட்டிருந்தார்கள். முட்டாள்தனமாக அல்ல, அதைவிட நல்லது இருக்கவில்லை. அப்போலோ 13 இன் இரண்டாம் இலக்கத் தாங்கி அதற்கு முன் ஒருதடவை கழற்றும்போது ஐந்து சென்ரிமீற்றர் அளவு கீழே விழுந்திருந்தது. 1970 மார்ச் சோதனையில் ஒக்சிசன் வழமைபோல வெளியேறவில்லை. சூடாக்கியைப் போட்டு ஆவியாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். எட்டு மணித்தியாலம் அது ஓடியது.

சூடு கூடினால் தானாக நிறுத்த ஒரு ஆளி இருந்தது. அது 28 வோல்ற்றுக்குச் செய்தது. ஏவுதளத்தில் கொடுத்தது 65 வோல்ற். மாற்றச் சொல்லி 1965 இலேயே அறிவித்தல் போயிருந்தும் ஆளி மட்டும் மாறவில்லை. அது திறக்க வெளிக்கிட்டபோதே உருகி ஒட்டிக்கொண்டது. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் அது 27 பாகைக்கு மேல் காட்டாது. அதற்கு மேல் சூடு போகாது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். உள்ளே சில இடங்களில் 540 பாகை வரை ஏறியிருக்கலாம் என்று விசாரணைக் குழு பிறகு கணித்தது. வயரின் உறை வெடித்து உரிந்தது. ஏப்ரல் 13 அன்று, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீற்றருக்கு அப்பால், தாங்கியைக் கலக்கும் விசிறியைப் போட்டதும் பொறி பறந்தது. எரியாத பிளாஸ்டிக் எரிந்தது.

இதை வைத்து “டெஃப்லோன் பொய்” எண்டு சொல்லிவிட முடியாது. 1975 பெப்ரவரியில் நியூயோர்க்கின் தொலைபேசி நிலையம் ஒன்று எரிந்தது. எரிந்தது பிவிசி உறை போட்ட கேபிள்கள். அந்தப் புகையில் ஐதரசன் குளோரைட் இருந்தது. நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் அதைச் சுவாசித்தார்கள். பின்னர் அமெரிக்காவில் கட்டடக் கூரையின் இடைவெளிகளில் ஓடும் கேபிள்களுக்கு டெஃப்லோன் குடும்பத்துப் பிளாஸ்டிக்கை அதிகம் பாவிக்கத் தொடங்கினார்கள். சுவாலையும் புகையும் பரவுவது அதில் குறைவு. அப்படிக் காப்பாற்றப்பட்ட உயிர்களை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் அதுவும் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் நச்சு வாயுக்களை விடும். தொழிற்சாலை ஆட்களுக்கு அந்தப் புகையால் காய்ச்சல் வருவதை 1951 இலேயே மருத்துவ சஞ்சிகையில் எழுதிவிட்டார்கள்.

இன்னொரு விலையும் உண்டு. அதே 1951 முதல் மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பேர்க் தொழிற்சாலையில் டெஃப்லோன் செய்வதற்கு ‘சி8’ என்ற உதவி இரசாயனத்தைப் பாவித்தார்கள். அது டெஃப்லோன் அல்ல. ஆனால் அதற்கும் அதே காபன்–புளோரின் பிடி. நெருப்புக்கு அசையாத பிடி மண்ணிலும் தண்ணீரிலும் இரத்தத்திலும்கூட இலகுவில் உடையாது. மாடுகள் சாகிறதென்று ஒரு விவசாயி முறையிட, சட்டத்தரணி ரொப் பிலொட் 1999 இல் வழக்குப் போட்டார். சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012 அளவில் ஒரு விஞ்ஞானக் குழு சொன்னது. 2017 இல் கம்பனிகள் 67 கோடி டொலருக்கு இணங்கின. 2023 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது.

‘எரியாது’ என்பது பொருளின் குணம் மட்டும் அல்ல என்று இப்போது எங்களுக்குப் படுகிறது. எந்தக் காற்றில், எந்தச் சூட்டில், எத்தனை நேரம் என்ற கேள்விகளுக்குக் கிடைத்த பதில் அது. ஆளியின் 28 வோல்ற்றும் வெப்பமானியின் 27 பாகையும், யாரோ ஒருவர் “இதற்கு மேல போகாது” என்று நினைத்து எழுதிய இலக்கங்கள். நிலைமை மாறியது. இலக்கத்தைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. யாரும் பொய் சொல்லாமலே ஒரு விபத்து நடக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அன்றிரவு கேள்வி கேட்டவள் வீட்டுக்குக் கோல் எடுத்து, “அம்மா, வெறுந் தாச்சியை அடுப்பில வச்சிட்டு அங்கால இங்கால போகாதேங்கோ” எண்டு சொன்னாள். அம்மா சிரிச்சிருப்பா. ஆனால் அது சரியான அறிவுரை.